இளைய நிலாவுக்கு அடுத்த பாட்டு

குச்சனூர்ப் பக்கம் கிட்டார் தொட்டவர் யாரைப் பார்த்தாலும் ஒன்றைக் கேட்டுவிடுவது என் வழக்கம்: "மொதமொத எந்தப் பாட்ட வாசிக்கணும்னு ஆசப்பட்டு இத வாங்குனீங்க?" சாமிகும்பிடு மேடைகளில் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்து ஓய்ந்த அண்ணன்களும் சரி, போன வருடம் ஆன்லைனில் கிட்டார் வரவழைத்த பிளஸ் ஒன் பிள்ளைகளும் சரி, பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: 'இளைய நிலா'. சிலர் 'என் இனிய பொன் நிலாவே' என்பார்கள். நிலாவை விட்டு யாரும் அதிக தூரம் போவதில்லை.

முதல் பாட்டு அன்றைக்கும் இன்றைக்கும் அதேதான் என்றால், நாற்பது வருடத்தில் மாறியது என்ன? அந்தப் பாட்டைக் கேட்ட விதம் மாறியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, அதற்கு அடுத்து என்ன வாசிப்பது என்ற கேள்விக்கு அன்றைக்கு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பதிலே கிடையாது. இன்றைக்குக் கைக்குள் இருக்கிறது.

'பயணங்கள் முடிவதில்லை' 1982-ல் வந்தது. 'இளைய நிலா'வை எழுதிய வைரமுத்து பெரியகுளம் பக்கத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். இசையமைத்த இளையராஜாவின் பண்ணைப்புரம் தேவாரத்துக்கும் கோம்பைக்கும் பக்கம், குச்சனூர்க்காரர்களுக்கு அடுத்த தெரு மாதிரி. தேனி அப்போது தனி மாவட்டம்கூட இல்லை, எல்லாம் மதுரை மாவட்டம்தான். பாட்டின் தொடக்கத்தில் ஸ்வரங்களைக் கொத்தாக அடிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து உதிர்க்கும் அந்த கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அடுத்த வருடமே அந்த மெட்டு இந்திக்குப் போய், கிஷோர் குமார் குரலில் 'நீலே நீலே அம்பர் பர்' ஆகிவிட்டது. வட இந்தியாவில் கிட்டார் கற்க வரும் பிள்ளைகளும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். பாதி இந்தியாவைக் கிட்டார் பக்கம் இழுத்த மெட்டு நம்ம பக்கத்து ஊர்க்காரருடையது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

அன்றைக்குக் கிட்டாரைத் தேடிப் போய்க் கேட்பவர் கிடையாது. அது காதில் வந்து விழும். சனிக்கிழமை என்றால் சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்கு வரும் கூட்டத்தால் ஊர் நிரம்பும். ஆடிச் சனிக்கிழமைகளில் சுரபி ஆற்றங்கரையில் நிற்க இடம் இருக்காது. எள் தீபத்துக்கும் கறுப்புத் துணிக்கும் நடுவே குழாய் ஸ்பீக்கரில் காலையில் பக்திப் பாட்டு ஓடும், பொழுது ஏற ஏற மைக் செட்காரர் மனசு சினிமாப் பாட்டுக்கு மாறும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் அதே செட், அதே இசைத்தட்டு. டீக்கடையில் இலங்கை வானொலி. அறிவிப்பாளர் படம், பாடியவர், இசையமைத்தவர் என்று அழகாகச் சொல்வார். கிட்டார் வாசித்தவர் பெயரைச் சொல்ல மாட்டார். சொல்லும் வழக்கமே எங்கும் இல்லை. பாட்டின் நடுவே சில நொடிகள் கிட்டார் வந்து போகும். மறுபடி கேட்க வேண்டுமென்றால் அந்தப் பாட்டு மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். அது நாளைக்கும் வரலாம், அடுத்த காதுகுத்துக்கும் வரலாம்.

காசெட் வந்த பிறகு கொஞ்சம் பிடி கிடைத்தது. பாட்டுப் பட்டியலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் ஏ சைடும் பி சைடும் நிரப்பித் தருவார். இடையிசை வரும் இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு, நாடா இழுபட்டுச் சுருதி இறங்கும்வரை கேட்டுக் கேட்டே கிட்டார் பிடித்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. அவர்களுக்குக் கிட்டார் என்ற பொருளைக் கண்ணால் பார்க்க வாய்த்தது ஆர்க்கெஸ்ட்ரா மேடையில்தான். பாடுகிறவரை ஊரே பார்க்கும்போது ஓரத்தில் நிற்கும் கிட்டார்காரரின் இடது கையை மட்டும் பார்க்கும் நாலு பையன்கள் மேடைக்குப் பக்கவாட்டில் நிற்பார்கள். ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி மாதிரிக் கத்தோலிக்க ஊர்ப் பையன்களுக்குக் கோயில் பாடகர் குழு இருந்தது. மற்றவர்களுக்கு அந்த மேடை ஓரம்தான் பள்ளிக்கூடம்.

ஆசை வந்துவிட்டது. அப்புறம்? மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். கடையில் தொங்குவது கல்கத்தாவில் செய்த கிவ்சன். கம்பிகள் இரும்பு. கட்டைக்கும் கம்பிக்கும் இடைவெளி அதிகம். ஒரு வாரத்தில் விரல் நுனி புண்ணாகும், ஒரு மாதத்தில் காய்த்துப்போகும். கற்றுத் தருகிறவரை 'மாஸ்டர்' என்போம். அவரே கேட்டுப் பழகியவர். மேடைக்கு எது தேவையோ அதைச் சொல்லித் தருவார்: ஏழெட்டு கார்டு, இரண்டு மூன்று ரிதம், கை ஓடினால் கொஞ்சம் லீட். அதோடு பாடம் முடிந்தது. 'இளைய நிலா' தொடக்கத்தை ஓரளவு வாசித்துக் காட்டியவன் கல்லூரியில் கதாநாயகன்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குமேல் அந்த வாத்தியத்தில் என்ன இருக்கிறது என்று காட்ட ஒருவரும் இல்லை.

அதற்குமேல் இருந்தது கிளாசிக்கல் கிட்டார். அந்த வாத்தியமே வேறு. கம்பி நைலான். மேல் மூன்றில் நைலான் இழைகளின் மேல் உலோகம் சுற்றியிருக்கும். இரண்டாம் உலகப் போர்வரை அதற்கு ஆட்டுக் குடல் நரம்புதான். 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் ஸ்பெயின் மேதை ஆந்த்ரே செகோவியாவின் தூண்டுதலோடு நைலானில் கம்பி செய்தார். கழுத்து அகலம், மேற்பகுதியில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். இடது காலைச் சின்ன மணையில் உயர்த்தி, கிட்டாரை இடது தொடையில் வைத்து உட்கார வேண்டும். பிளெக்ட்ரம் கிடையாது. வலது கையில் கட்டை விரல் கீழ் ஸ்வரங்களைப் பார்த்துக்கொள்ள, மற்ற மூன்று விரல்களும் நடுப்பகுதியையும் மெட்டையும் பங்கிட்டுக்கொள்ளும். ஆர்க்கெஸ்ட்ராவில் மூன்று பேர் செய்யும் வேலையை ஒருவர் உட்கார்ந்து செய்யும் கலை இது. காதால் மட்டும் பிடிக்க முடியாது, ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரிய வேண்டும். அந்தக் குறிப்புப் புத்தகம் மதுரையிலேயே கிடைப்பது அபூர்வம்.

இந்த இடத்தைத் தாண்டிப் போனவர் பண்ணைப்புரத்து ராசையா, பின்னாளில் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டு தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே எப்படி எடுபட்டது என்பது மலைப்பக்கம் இன்னும் பேசப்படும் கதை. வைகை அணை கட்டியபோது சிறுவனாகக் கூலி வேலை செய்ததை இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அண்ணன்களோடும் தம்பியோடும் ஊர் ஊராக ஆர்மோனியம் சுமந்தவர், அறுபதுகளின் கடைசியில் சென்னைக்குப் போய், மயிலாப்பூர் சாய் லாட்ஜில் ஒரு சின்ன அறையில் இருந்த தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்தார். பின்னாளில் ஏ. ஆர். ரகுமானும் வித்யாசாகரும் பாடம் கேட்ட அதே மாஸ்டர். ராசையாவை 'ராஜா' ஆக்கியதும் அவர்தான். அங்கே பாக், பீத்தோவன், மோட்சார்ட் அறிமுகமாகிறார்கள். பாடம் குறிப்பெழுத்தில். லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். கிட்டார்காரராகத்தான் சலில் சௌத்ரியின் குழுவில் உட்கார்ந்தார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல்.

இதை இங்கே விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் கற்ற கிளாசிக்கல் கிட்டார் கச்சேரி மேடைக்குப் போகவில்லை, பாட்டுக்குள் போனது. தமிழ் சினிமாவில் கிட்டார் அதற்கு முன்பும் இருந்தது. 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டுக்கு எம். எஸ். விஸ்வநாதனையும் அவர் இசைக்குழுவையும் திரையிலேயே பார்க்கலாம். அந்தக் காலத்தில் கிட்டார் பெரும்பாலும் தாளத்துக்குத் துணை, அல்லது ஹவாயன் கிட்டாரின் வழுக்கல். ஒவ்வொரு விரலுக்கும் தனிக் குரல் கொடுத்து, பாடகருக்கு அடியில் இன்னொரு மெட்டை நடக்கவிட்டு எழுதும் பழக்கம் இளையராஜாவிடம்தான் ஊன்றியது. அவரது நூறாவது படமான 'மூடுபனி' (1980) நினைவிருக்கும். பிரதாப் போத்தன் கிட்டாரோடு உட்கார, ஜேசுதாஸ் குரலில் 'என் இனிய பொன் நிலாவே'. எழுதியவர் தம்பி கங்கை அமரன். படம் பார்த்துவிட்டு வந்த எத்தனையோ பேர் கிட்டார் வாங்க வீட்டில் அடம்பிடித்தார்கள். அதே பாட்டைக் கடந்த 2025-ல் 'அகத்தியா' படத்துக்காக யுவன் சங்கர் ராஜா மறுபடி எடுத்ததும், உரிமை யாருக்கு என்று டெல்லி உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போனதும் செய்தியாயின. நாற்பத்தைந்து வருடம் கழித்தும் சண்டை போடும் அளவுக்கு அந்த கிட்டாருக்கு விலை இருக்கிறது!

1986-ல் 'ஹௌ டு நேம் இட்' வந்தபோது இன்னொன்றும் நடந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணமான அந்த இசைத்தொகுப்பில், பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் தொடக்கப் பகுதி ஒரு இடத்தில் வருகிறது. அதே பகுதியை பாக் லூட் வாத்தியத்துக்கும் மாற்றி எழுதியிருக்கிறார். உலகெங்கும் கிளாசிக்கல் கிட்டார்காரர்கள் கை வேகத்தைக் காட்ட வாசிப்பது அதைத்தான். வி. எஸ். நரசிம்மனின் வயலினில் அதைக் கேட்ட கம்பத்துக்காரருக்கு, தான் கேட்பது கிட்டார்காரர்களின் வேதப் புத்தகத்தில் ஒரு பக்கம் என்று தெரிந்திருக்க வழியில்லை. அன்றைக்கு நம் பக்கம் கிளாசிக்கல் கிட்டார் வந்து சேர்ந்ததெல்லாம் இப்படித்தான், பெயர் இல்லாமல்.

பெயரில்லாமல் வந்ததில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிறகு இங்கே செல்போன் பரவியது. சனீஸ்வரர் கோயில் வரிசையில், சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில், திராட்சைப் பந்தலுக்குள், எங்கே பார்த்தாலும் ஒரே மணியோசை: நோக்கியா. அது பிரான்சிஸ்கோ தாரேகா 1902-ல் கிட்டாருக்கு எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற வால்ட்ஸின் நாலு அளவுக் கட்டம். 1994-ல் நோக்கியா 2110 போனில் முதலில் வைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை ஓடியதால், தாரேகாவைப் பாடும் போன்களைச் செய்ததில் தமிழ்க் கைகளும் உண்டு. செகோவியாவும் ஜூலியன் பிரீமும் ஆயுள் முழுக்க வாசித்துப் பிடித்திருக்கக்கூடிய காதுகளைவிட அதிகமான காதுகளில் தாரேகா இப்படி விழுந்தார். அதைக் கேட்டுக் கிட்டார் வாங்கியவரை நான் கண்டதில்லை. இசை காதில் விழுந்தால் மட்டும் போதாதுபோல. இசை என்று நினைத்துக் கேட்கவும் வேண்டும்.

தாரேகாவின் கதை நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஸ்பெயினில் வாய்க்கால் பாசனம் ஓடும் வில்லாரியல் ஊரில் 1852-ல் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போது வாய்க்காலில் விழுந்து கண் பாதிக்கப்பட்டது. பார்வை போய்விட்டாலும் பிழைத்துக்கொள்ளட்டும் என்று அப்பா இசை கற்க வைத்தார். முதலில் கற்றுக்கொடுத்த இருவரும் பார்வையற்றவர்கள். பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் கண்ணில் வைத்து வளர்க்கும் ஊரில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படாது. அவர் எழுதிய 'ரெகுவேர்தோஸ் தே லா அலாம்ப்ரா'வில் ஒரே கம்பியை மூன்று விரல் மாறி மாறி மீட்டி நீளமான ஒரே ஸ்வரம் போலக் காட்டும் வித்தை இருக்கிறது. கிளாசிக்கல் கிட்டார் எடுத்தவர்களை உலகில் எங்கே கேட்டாலும் முதல் ஐந்துக்குள் அதைச் சொல்வார்கள். மற்றவை: யார் எழுதியது என்று இன்றுவரை உறுதியாகாத 'ரொமான்ஸ்' (1952-ல் ரெனே கிளெமாவின் பிரெஞ்சுப் படத்தில் நார்சிசோ யெப்பெஸ் வாசித்துப் பரவியது), பியானோவுக்காக அல்பேனிஸ் எழுதி, கிட்டாரே தனக்கென எடுத்துக்கொண்ட 'அஸ்தூரியாஸ்', ரோத்ரிகோவின் 'அரன்ஹுவேஸ்' கான்செர்ட்டோ, 1978-ல் வந்த 'தி டியர் ஹண்டர்' படத்தின் 'கவாட்டினா'. கவனித்தால் இதில் இரண்டு சினிமா வழியே பரவியவை. சினிமாதான் கிட்டாரைக் கெடுத்தது என்று சலித்துக்கொள்ளும் சில வாத்தியார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொரு உறவும் நமக்கும் அந்த வாத்தியத்துக்கும் உண்டு. நல்ல கிளாசிக்கல் கிட்டாரின் முதுகும் பக்கங்களும் பெரும்பாலும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. பிரேசில் ஈட்டிக்கு 1992-ல் உலக வணிகத் தடை வந்த பிறகு நம் ஈட்டிக்கு மதிப்பு மேலும் ஏறியது. 2017-ல் ஈட்டி மரப் பேரினம் முழுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019-ல் தளர்த்தினார்கள். மரம் நம் மலையிலிருந்து ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அதில் வாசிப்பது என்னவென்று நமக்குத் தெரியாமலே இருந்தது.

இன்றைக்குப் பையன் 'இளைய நிலா'வைக் கேட்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறான். யூடியூபில் யாரோ ஒருவர், கேரளாவிலோ டொராண்டோவிலோ இருந்துகொண்டு, பாடகரே இல்லாமல் பாட்டு முழுவதையும் ஒற்றைக் கிட்டாரில் வாசிக்கிறார். கேமரா இடது கையை நெருங்கிக் காட்டும், கீழே எந்தக் கம்பி எந்தக் கட்டம் என்று எண்கள் ஓடும். புரியவில்லையா, வேகத்தைப் பாதியாக்கலாம். நாடா தேயாது, சுருதி இறங்காது. அது முடிந்ததும் தானாகவே அடுத்தது வரும், பெரும்பாலும் 'ரொமான்ஸ்'. ஏனென்றால் இரண்டிலும் விரல் வேலை ஒரே குடும்பம், ஸ்வரங்களைப் பிரித்து உதிர்ப்பது. ராசையா சாய் லாட்ஜ் தேடிப்போன வழி, பையன் தூங்கப் போகும் முன் தானாகத் திறந்துகொள்கிறது. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. பழைய அண்ணன்கள் சிலர், "நாங்க காதால புடிச்சோம், இவனுக கண்ணால புடிக்கிறானுக" என்று நக்கலடிப்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எண்களைப் பார்த்து வாசிக்கும் பிள்ளையிடம் கண்ணை மூடச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. தான் வாசித்தது சுருதி சேர்ந்திருந்ததா என்று போனில் இருக்கும் ட்யூனரைத்தான் கேட்கிறான். ஆனால் காதால் பிடித்த அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் அடுத்த பாட்டுக்குப் போனார்கள் என்றும் கேட்க வேண்டும். போக ஆசை இல்லாமல் இல்லை, போவதற்கு இடம் இல்லை.

கிட்டாருக்கு மதுரை போக வேண்டியதில்லை, வீட்டுக்கே வருகிறது. சென்னைக்குப் பக்கத்தில் யமஹா 2019-ல் தொடங்கிய தொழிற்சாலையிலும் கிட்டார் செய்கிறார்கள். தொல்லை வேறு இடத்தில். படத்தைப் பார்த்து வாங்குவதால் பாதிப்பேருக்கு வருவது இரும்புக் கம்பிக் கிட்டார். ஆசைப்பட்டது 'ரொமான்ஸ்', கையில் இருப்பது மேடைக் கிட்டார். சிலர் நேர்மாறாக, கிளாசிக்கல் கிட்டாரில் சத்தம் போதவில்லை என்று இரும்புக் கம்பி மாட்டிவிடுகிறார்கள். அந்த இழுவையைத் தாங்க அதன் மேல்பலகை செய்யப்படவே இல்லை. சில மாதத்தில் கம்பி கட்டிய பாலம் பெயர்ந்து கையோடு வரும். இதை எச்சரிக்கக்கூட ஊரில் ஆள் இல்லை என்பது மட்டும் அன்றுபோலவே.

தேர்வு எழுத ஆசைப்படும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ட்ரினிட்டியின் படிநிலைகள் தொடக்கநிலையிலிருந்து எட்டுவரை. ஒரு காலத்தில் சென்னை அண்ணா சாலையில் இருக்கும், 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடை வாசலை மிதித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி இது. இப்போது பாடத்திட்டம் போனில் இறங்குகிறது, வகுப்பு வாரத்துக்கு ஒருநாள் திரையில் நடக்கிறது. ஹாரிஸ் ஜெயராஜும் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதித்தான் தொடங்கினார் என்று சொன்னால் அப்பாமார்கள் பணம் கட்ட யோசிப்பதில்லை. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறிய பிறகு அந்த யோசனை இன்னும் குறைந்திருக்கிறது. அதற்காக எல்லா வீட்டிலும் தாரேகா ஒலிக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. சுவரில் மாட்டிய கிட்டார் அன்றைவிட இன்றைக்கு அதிகம். சுலபமாக வந்தது சுலபமாக மாட்டப்படும்.

'ரொமான்ஸ்' இரண்டு பாதி. முதல் பாதி மைனரில், கேட்பவர் உருகிவிடுவார், வாசிப்பவருக்குக் கையும் வந்துவிடும். இரண்டாம் பாதி மேஜருக்குப் போகும். அங்கே ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்க வைத்து, சுண்டு விரலை எட்டாத தூரத்துக்கு நீட்ட வேண்டும். இணையத்தில் 'ரொமான்ஸ்' வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் முதல் பாதியோடு வணக்கம் சொல்லிவிடுவார்கள். கோயில் தெருவில் எள் தீபம் விற்கும் குடும்பத்தில் பத்தாவது படிக்கும் ஒரு பெண் இரண்டாம் பாதியில் இருக்கிறாள். அவளும் 'இளைய நிலா'வில் தொடங்கியவள்தான். சனிக்கிழமை கடையில் கூட்டம் என்பதால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. "பாரே புடிச்சா சுண்டு விரல் எட்டல, கை சின்னது" என்றாள். தாரேகாவின் 'லாக்ரிமா'வை அதுவரை வாசிக்கலாமே, ஒரே பக்கம்தானே என்றேன். "அது கிரேடு பாட்டுண்ணே, மாஸ்டர் அடுத்த மாசம்தான் தர்றேன்னாரு. நான் ஏற்கெனவே பாதி பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, தீபத்துக்குச் சில்லறை கேட்டவரைக் கவனிக்கப் போய்விட்டாள்.